மளிகைக்காரர் பர்ட்வெல்லின் சீஸ்

விட்பி,
9 ஜனவரி 1972

அன்புள்ள செட்ரிக் மாமாவுக்கு,

பார்ப்பதை எல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதிவைப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று நீங்கள், "நான் வர்ற நாடகத்த நீ பாத்து எழுது ஹிலரி, உங்கம்மா எழுதினா எல்லாமே பிரமாதம்னுதான் எழுதுவா" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாளே நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு. உங்கள் இருமல் குறைந்ததா?

'பீக்கன் சந்து' முதல் பகுதி செவ்வாய் மாலை ஏழரைக்கு வந்தது. மளிகைக்காரர் பர்ட்வெல்லாக நீங்கள் இரண்டாம் காட்சியில் வந்தீர்கள். எங்கள் சமையலறைக் கடிகாரப்படி நான்கு நிமிடம் பத்து விநாடி. "அட, போலீஸ் தொப்பி இல்லாம உங்கண்ணன அடையாளமே தெரியலையே!" என்றார் அப்பா. "வாய மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார் அம்மா. நீங்கள் பன்றி இறைச்சியை நறுக்கியபடி பேசியது உண்மையான கடைக்காரர் மாதிரியே இருந்தது. ஆனால் ஏப்ரனின் முடிச்சை முன்னால் போட்டிருந்தீர்கள். எங்கள் தெருக் கடைக்காரர் பின்னால்தான் போடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் தங்கை மகள்,
ஹிலரி ஆட்டர்பர்ன்

*

மான்செஸ்டர்,
14 ஜனவரி 1972

அன்புள்ள ஹிலரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் என்னோடு நன்றாகப் பழகிவிட்டது. உன் அப்பாவின் முதுகுக்குச் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி வைக்கச் சொல்.

முடிச்சைப் பின்னால் மாற்றிவிட்டேன். ஆனால் இரண்டு வாரம் முன்னதாகவே பதிவு செய்துவிடுவதால், இன்னும் இரண்டு செவ்வாய் அது முன்னால்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

நான் நடிப்பதை நானே பார்ப்பதில்லை. பார்க்க நினைத்தாலும் முடியாது. வீட்டுக்கார அம்மாள் திருமதி கார்சைட் தொலைக்காட்சியை மல்யுத்தத்துக்கு மட்டுமே திறப்பார். ஒளிபரப்பு முடிந்ததும் கம்பெனியில் அந்தப் பதிவு நாடாவை அழித்துவிட்டு, அதன்மேல் வேறெதையாவது பதிந்துவிடுவார்கள். அதனால் உன் நோட்டுதான் மிஞ்சப்போகிறது. இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று வேடம் போட்டேன். பதினொரு போலீஸ்காரர், ஆறு பரிசாரகர், நான்கு பாதிரியார், இரண்டு பிணம், மற்றதெல்லாம் வழிப்போக்கர். பெயர்ப் பட்டியலில் 'இரண்டாம் போலீஸ்காரர்' என்றுதான் போடுவார்கள். பெயருள்ள ஒரு மனிதனாக நடிப்பது இதுதான் முதல் தடவை. ஆமோஸ் பர்ட்வெல். ஏப்ரல் வரை ஒப்பந்தம். பிடித்துப்போனால் இன்னும் ஒரு வருடம் என்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வருடம் வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.
செட்ரிக் மாமா

*

விட்பி,
30 ஜனவரி 1972

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செங்கல் வைத்தியம் பலித்தது. அப்பா இப்போது நிமிர்ந்து நின்றே அம்மாவோடு சண்டை போடுகிறார்.

நான்கு பகுதிகள் பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேனே. நீங்கள் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சீஸைப் பார்க்கிறீர்கள். கல்லாமேல் இருக்கும் பெரிய உருண்டைச் சீஸை. நீளமாகப் பேச வேண்டியிருந்தால் சீஸை, சின்னதாக இருந்தால் காகிதப் பையை. மூன்றாம் பகுதியில் பதினேழு முறை சீஸ். எண்ணினேன்.

சென்ற செவ்வாய் ஒரு பையைக் கேமராப் பக்கமாகத் திருப்பிவிட்டீர்கள். அதில் 'வியாழக்கிழமை வேண்டாம்' என்று எழுதியிருந்தது. உடனே நீங்கள், "வியாழக்கிழமை வேண்டாம்மா, அன்னிக்கு அரைநாள் கடை" என்றீர்கள். "விலைப்பட்டியலா இருக்கும்" என்றார் அப்பா. அது விலைப்பட்டியல் இல்லை. உங்கள் கையெழுத்தும் இல்லை. கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள்ளைப்போல மேல்நோக்கி வளைந்திருந்தது. உங்கள் எழுத்துக்கு வாலே கிடையாது.

இது நடிகர்களின் வழக்கமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஹிலரி

*

மான்செஸ்டர்,
4 பிப்ரவரி 1972

அன்புள்ள ஹிலரிக்கு,

நலம். நீயும் நலம்தானே?

வழக்கம்தான். சிலர் தொப்பிக்குள் எழுதிவைப்பார்கள். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஒரு காலத்தில் ரயில் ஏறி இறங்குவதற்குள் ஒரு நாடகமே மனப்பாடம் ஆகிவிடும்.

இரண்டாம் வாரம், ஒத்திகையில் எனக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. பதிவு நேரத்தில் குனிந்து பார்த்தால், சீஸ் மேல் குத்தியிருந்த அட்டையில் அந்த வசனம் எழுதியிருந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு வாரமும் இருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை. கடைச் சாமான்களை அடுக்கிவைக்கும் கிழவர் டன்னிக்ளிஃபின் வேலையாக இருக்கும் என்று நினைத்து ஒரு புட்டி விஸ்கி கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அதனால் அவரேதான்.

சீஸ் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

செட்ரிக் மாமா

*

விட்பி,
20 பிப்ரவரி 1972

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கேயும் மின்வெட்டா? சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் முடிந்தாலும் மின்வெட்டு இன்னும் சில நாள் இருக்குமாம். எங்கள் பகுதிக்குச் செவ்வாய் ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை. அதனால் ஏழாம் பகுதியைப் பார்க்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே ஏழரையிலிருந்து எட்டுவரை உட்கார்ந்திருந்தேன். "கரண்ட் இல்லாத பெட்டியில என்னடி தெரியுது உனக்கு?" என்றார் அம்மா. நோட்டில் ஒரு பக்கத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். அந்தப் பகுதியில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதினால் அதில் நிரப்பிக்கொள்வேன்.

அம்மா உங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார். நான் சீஸ் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று நினைக்கிறேன். சரியா?

அன்புடன்,
ஹிலரி

*

மான்செஸ்டர்,
28 பிப்ரவரி 1972

அன்புள்ள ஹிலரிக்கு,

மின்வெட்டில் எல்லோரும் சளி பிடிக்காமல் தப்பித்தீர்களா? இங்கே திருமதி கார்சைட் காலை, மாலை இரண்டு வேளையும் புகையூட்டிய மீனையே போடுகிறார். என் கோட்டுகூட மீன் வாசனை அடிக்கிறது.

நீ பார்க்காமல் விட்டதுதான் நான் நன்றாகச் செய்த பகுதி. போகட்டும்.

ஒரு செய்தி. பர்ட்வெல்லின் மனைவி மேபலைச் சாகடித்துவிட்டார்கள். கல்லறை அருகே நின்று நான் ஒன்றரைப் பக்கம் பேச வேண்டும். கல்லா கிடையாது, பை கிடையாது. மண்ணும் ஒரு மலர் வளையமும்தான். மார்ச் 29 அன்று பதிவு. தயாரிப்பாளர் பார்ஜெட்டருக்கு முப்பத்தோரு வயது, காலணியில் புழுதி படாத பையன். தோளில் தட்டி, "இத மட்டும் நல்லாப் பண்ணிடுங்க செட்ரிக். ஒரு வருஷத்தப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றான்.

செட்ரிக் மாமா

*

விட்பி,
5 மார்ச் 1972

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், இந்த மாதம் குறிப்பாக.

எனக்கு மார்ச் 24 முதல் ஈஸ்டர் விடுமுறை. நான் அங்கே வரட்டுமா? வசனத்தாளின் நகல் ஒன்றை அனுப்புங்கள். நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்து உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சரித்திரப் பாடத்தில் அரசர்களின் வரிசையை ஒரே மாலையில் கற்றவள் நான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நம் தெருவில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தெருவில் நடந்தால் போதும்.

ஏழாம் பகுதியின் பக்கம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது. என் வகுப்புத் தோழி மொரீனின் அத்தை யார்க்கில் அதைப் பார்த்தாராம். மொரீன் சொன்னாள். அவள் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. நானே பார்க்காததை எழுதுவது முறையல்ல.

அன்புடன்,
ஹிலரி

*

மான்செஸ்டர்,
10 மார்ச் 1972

அன்புள்ள ஹிலரிக்கு,

நலம். வசனத்தாள் இத்துடன் இருக்கிறது. வா.

மொரீனின் அத்தை என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வெளியே எடுத்த காட்சி, அங்கே சீஸ் இல்லை. வாயைத் திறந்த மீன் மாதிரி நின்றேன், சரியாகப் பதினோரு விநாடி. மணி பத்தாகிவிட்டதால் திரும்பவும் எடுக்க நேரமில்லை. அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். உன்னிடம் பொய் சொன்னது எனக்கு உறுத்தியது. வெற்றுப் பக்கத்தில் இதை எழுதிக்கொள்.

வருவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள். இரவு சரியாகப் பத்து மணிக்கு விளக்குக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரசியே நடித்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுவார்கள். தொழிற்சங்கத்து விதி. நாடாவை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால் ஒரு காட்சியை ஒரே மூச்சில் எடுப்பார்கள். சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள். அதனால் வசனம் அடியோடு மறந்துபோனால் நடிகர்களுக்கு ஒரே வழிதான். சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிடுவது. அதை ஒளிபரப்ப முடியாது என்பதால் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். ஏழாம் பகுதியில் எனக்கு அந்த வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

என் மகள் டோரீனாக நடிப்பது வெரிட்டி ஸ்டானர்ட். பதினான்கு வாரத்தில் ஒருநாள்கூட எனக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை. அவளிடம் பேச்சுக் கொடுக்காதே, கடித்துவைப்பாள்.

செட்ரிக் மாமா

*

விட்பி,
23 மார்ச் 1972

அண்ணனுக்கு,

ஹிலரியைச் சனிக்கிழமை காலை வண்டியில் ஏற்றிவிடுகிறேன். அவளுக்கு மீன் வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. உன் இருமலுக்குத் தேனும் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் இரண்டு வாரமாக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே யாரோ மேபலிடம் பேசுகிறாள். எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பேச்சை மாற்றத்தான் தெரியும்.

நம் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் என்னை யார் என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். வரும் ஜூனில் உனக்கும் ஐம்பத்தெட்டு. நான் வேறொன்றும் கேட்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா?

ஐரீன்

*

மான்செஸ்டர்,
30 மார்ச் 1972

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். மீன் சாப்பிடவில்லை. நாளைய புனித வெள்ளிக்கான ரொட்டியைத் திருமதி கார்சைட் முன்னதாகவே கொடுத்தார்.

மாமா உங்களுக்குப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தார், பேனாவை மூடிவைத்துவிட்டார். இன்று காலை என்னிடம், "நேத்து நடந்தத எல்லாம் நீயே உங்கம்மாவுக்கு எழுதிடு. எதையும் மறைக்காத. அதுதான் அவ கேட்டதுக்குப் பதில்" என்றார். அதனால் எழுதுகிறேன். நீல நோட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சீஸ் என்று வரும் இடங்களைப் படித்தால் முன்கதை தெரிந்துவிடும்.

சனிக்கிழமைமுதல் நாள்தோறும் பூங்காவில் நடந்தபடி வசனம் சொன்னோம். தெருவில் வீடுகளை நினைத்துக்கொள்ளும் என் முறை மாமாவுக்கு உதவவில்லை. நம் தெருவில் எத்தனையாவது வீடு யாருடையது என்பதே அவருக்குக் குழம்பியது. ஆனால் செவ்வாய் இரவு இரண்டு முறை தடங்கலின்றிச் சொன்னார்.

நேற்று என்னைக் கேமராக்களுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இருமக்கூடாது, நகரக்கூடாது. பலகைமேல் ஒரு வண்டி மண்ணைக் கொட்டி, அதில் குழி வெட்டியிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் மாமா டன்னிக்ளிஃபோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போது வெரிட்டி ஸ்டானர்ட் கறுப்புத் தொப்பியோடு என்னைத் தாண்டிப் போனார். மாமா எச்சரித்திருந்தும், கையெழுத்துக் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"என்னோட பதிவுக்கு."

"படிக்கிற பிள்ளையா நீ? பாத்தாலே தெரியுது. காலுறையே ரெண்டும் ரெண்டு நிறம்" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பிடுங்கி 'வெரிட்டி' என்று எழுதித் தந்தார். கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள்ளைப்போல மேல்நோக்கி வளைந்திருந்தது.

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மாமா வீம்புக்காரர். எழுதறது நான்னு தெரிஞ்சா சீஸ் பக்கமே திரும்ப மாட்டாரு. புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா, இது ஒன்றை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

கல்லறைக் காட்சியை ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடத்துக்குத் தொடங்கினார்கள். மாமா நன்றாகத் தொடங்கினார். "இருபத்தாறு வருஷம், மேபல். ஒரே கல்லாவுக்குப் பின்னால ரெண்டு பேரும் நின்னோம். வியாழக்கிழமை ஆனா அரைநாள். அரைநாள் கையில இருந்தும்…" அதோடு நின்றுவிட்டார். அடுத்தது எனக்குத் தெரியும். 'உன்ன ஒரு தடவகூடக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகல.' என் உதடுகளை இறுக மூடிக்கொண்டேன். மாமாவின் கண்கள் மண்ணில் எதையோ தேடின. அங்கே சீஸ் இல்லை.

நான் மூன்றுவரை எண்ணியிருப்பேன். வெரிட்டி, பன்றியையும் அதன் தாயையும் சேர்த்து ஒரு சொல் சொன்னார். இந்தத் தாளில் எழுத முடியாது. மேலே கண்ணாடி அறையிலிருந்து ஒலிபெருக்கியில், "வெரிட்டி! என்ன இது?" என்று பார்ஜெட்டரின் குரல் வந்தது.

"கால் வழுக்கிடுச்சு. என் தப்புதான்" என்றார்.

மறுபடியும் தொடங்கினார்கள். அதே இடத்தில் மாமா நின்றார். வெரிட்டி அதைவிடப் பெரிய சொல் ஒன்றைச் சொன்னார். இதில் பிஷப்பும் வந்தார். "உங்களுக்கு என்னம்மா ஆச்சு இன்னிக்கு? மணி ஒன்பதே முக்கால்!" என்று ஒலிபெருக்கி கத்தியது. "தொப்பி கண்ண மறைக்குது. கழட்டிடவா?" என்றார் அவர். மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். பதினாறு வாரத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார்போல இருந்தது.

மூன்றாம் முறை தொடங்கும்போது ஒன்பது ஐம்பத்திரண்டு. அதே இடத்தில் மாமா நின்றார். இந்தத் தடவை வெரிட்டி கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் டோரீனாகவே, "அம்மாவ எங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தீங்கப்பா?" என்று கேட்டார். அது வசனத்தாளில் கிடையாது.

மாமா, "கடலுக்கு" என்றார். "கடலுக்கும்மா. ஒரு தடவகூடக் கூட்டிட்டுப் போகல." அப்புறம் மிச்சம் முழுவதும் வரிசையாக வந்தது. ஒரு சொல்லும் தவறவில்லை. நான் தாளை வைத்துச் சரிபார்த்தேன்.

முடிந்தபோது ஒன்பது ஐம்பத்தேழு. பார்ஜெட்டர் இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். மாமாவின் தோளைத் தட்டினார். "அருமை செட்ரிக். ஒரு வருஷம், பேசினபடியே." பிறகு வெரிட்டியின் பக்கம் திரும்பி, "நீங்க நாளைக்கு என் அறைக்கு வாங்க. ரெண்டு டேக் பாழ். இப்படியே போனா டோரீனும் அம்மா பின்னாலயே போக வேண்டியதுதான்" என்றார்.

வெரிட்டி தொப்பியிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மாமாவும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா சொன்னார்: "ரெண்டு டேக்கும் பாழானது என்னால. எனக்கு வசனம் மறந்துபோச்சு. இந்தப் பொண்ணு என்னக் காப்பாத்தறதுக்காகத் திட்டுனா. மூணாவது தடவையும் மறந்தேன். அவ கேட்டது உங்க தாள்ல இருக்கா, பாருங்க."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். டன்னிக்ளிஃப் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குப் பேசலாம் செட்ரிக்" என்றார் பார்ஜெட்டர்.

"நாளைக்கு எனக்கு மறந்துபோயிடும் தம்பி. இப்பவே சொல்லிடு."

உயரத்தில் விளக்குகளுக்கு நடுவிலிருந்து யாரோ சிரித்தார்கள். வெரிட்டி சிரிக்கவில்லை. மாமாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பார்ஜெட்டர் கடிகாரத்தைப் பார்த்தார், தன் காலணியில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் முடியாது. கோடை முடியறவரைக்கும்" என்றார். "கடைக்குள்ள மட்டும். அந்தச் சீஸ விட்டு ஒரு அடி நகரக்கூடாது, சொல்லிட்டேன்."

அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. சுற்றிலும் பார்த்தேன். கேமராக்காரர்கள், ஒலிக்காரர், ஒப்பனைக்கார அம்மாள், ஒருவர் முகத்திலும் வியப்பு இல்லை. மாமா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என்னைப் பார்த்தார். நான் நோட்டில் நேரத்தைக் குறித்தேன். மணி சரியாகப் பத்து. விளக்குகள் அணைக்கப்பட்டன.